பிரிட்டனில் ஜியோகேச் வைப்பது: நிலச் சொந்தக்காரர் அனுமதியும் விதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் மறைத்து வைத்த டப்பாவை (கேச்) ஜி.பி.எஸ். உதவியோடு தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு அதே இடத்தில் வைக்கும் விளையாட்டு. ஏற்கெனவே சில கேச்களைத் தேடி எடுத்துப் பழகி, இப்போது தாமே ஒன்றை வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். தேடுவதற்குக் கையில் ஃபோன் இருந்தால் போதும். வைப்பதற்கு இடம் வேண்டும், அந்த இடத்துக்குக் கட்டாயம் ஒரு சொந்தக்காரர் இருப்பார். இங்கே சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்து எங்கே வேறுபடுகிறதோ அங்கே குறிப்பிட்டிருக்கிறோம். விதிகள் என்றால் ஜியோகேச்சிங்.காம் தளத்தின் விதிகள், அவற்றோடு பிரிட்டனில் புதிய கேச்களைச் சரிபார்த்துத் தளத்தில் வெளியிடும் தன்னார்வ ரிவ்யூவர்கள் எதிர்பார்ப்பவை.

பொது நடைபாதை ஓரத்தில்தானே வைக்கிறேன், அதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். புதிதாக வைப்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே போகும் பொது நடைபாதையில் உங்களுக்குச் சட்டம் தருவது போகவும் வரவும் உள்ள உரிமை மட்டும். பாதை ஓரத்து வேலிக்கம்பம், ஏறிக் கடக்கும் மரப்படி, புதர்வேலி, அதற்கு அடியில் உள்ள மண் எல்லாம் நிலச் சொந்தக்காரருடையவை. நடந்து போகலாம், நின்று மூச்சு வாங்கலாம், ஒரு பொருளை விட்டுவிட்டு வர முடியாது.

மலைப்பகுதிகளிலும் தரிசு மேடுகளிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதையை விட்டு விலகி நடக்கவும் உரிமை உண்டு. அதுவும் நடப்பவருக்கான உரிமைதான். 'காமன்' என்று பெயரிலேயே பொதுத்தன்மை ஒட்டிக்கொண்டிருக்கும் புல்வெளிகளுக்கும் சொந்தக்காரர் உண்டு. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலாக இருக்கலாம், ஒரு பழைய ஜமீன் எஸ்டேட்டாகவும் இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் மிகத் தாராளமானது. ஆனால் அங்கும் உரிமை ஆளுக்குத்தான், அவர் விட்டுச் செல்லும் டப்பாவுக்கு இல்லை.

விரல்நகம் அளவே உள்ள, காந்தத்தால் ஒட்டும் 'நானோ' டப்பா. அதற்குமா?

அதற்கும்தான். சொந்தக்காரர் கவலைப்படுவது டப்பாவின் பருமனைப் பற்றி அல்ல, அதைத் தேடி வரும் கால்களைப் பற்றி. நானோவைத் தேடுபவர்தான் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதிகம் கிளறுவார்.

யாருடைய நிலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பலகைகளைப் பாருங்கள். பூங்கா வாசலிலும் காட்டின் வண்டி நிறுத்தத்திலும் பராமரிப்பவர் பெயர் எழுதியிருக்கும். நேஷனல் டிரஸ்ட், ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, உட்லேண்ட் டிரஸ்ட், கவுன்சில் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கால்வாய்க் கரைப் பாதை என்றால் பெரும்பாலும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்.

அடுத்து, பிரிட்டன் ஜியோகேச்சிங் சங்கமான ஜி.ஏ.ஜி.பி. தன் தளத்தில் நில உரிமையாளர் உடன்பாடுகளின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறது. எந்த அமைப்பு பொதுவாக அனுமதிக்கிறது, எது ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கச் சொல்கிறது, எது அறவே மறுக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம். உங்கள் இடம் அதில் இருந்தால் அவர்கள் சொன்ன நிபந்தனைகளை அப்படியே பின்பற்றுங்கள். பட்டியல் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்றும் கவனியுங்கள். அதிகாரிகள் மாறும்போது கொள்கையும் மாறிவிடும்.

பலகையும் இல்லை, பட்டியலிலும் இல்லை என்றால் அந்த ஊரின் பாரிஷ் கவுன்சில் (சிற்றூர் உள்ளாட்சி மன்றம்) கிளார்க்குக்கு மின்னஞ்சல் போடுங்கள். சிற்றூர்களில் எந்த வயல் யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்தவரை அவருக்குத் தெரியும். அருகிலுள்ள பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதும் நல்ல வழிதான். மாலை நாலு மணிக்குப் போங்கள், இருட்டிய பிறகு வேண்டாம்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் அரசின் நிலப் பதிவகமான எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரி. வரைபடத்தில் அந்தத் துண்டைக் குறித்து, சில பவுண்டு கட்டணம் செலுத்தினால் உரிமைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும். அதில் சொந்தக்காரர் பெயரும் முகவரியும் இருக்கும். நீண்ட காலமாகக் கைமாறாத சில நிலங்கள் இன்னும் பதிவாகாமல் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு நூறு மீட்டர் தள்ளித் தேடுவதே புத்திசாலித்தனம்.

அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோட்டில் பொதுப்பாதைகளும், வெளிர்மஞ்சள் நிறத்தில் நடமாட உரிமையுள்ள பகுதிகளும் தெரியும். அது எங்கே நடக்கலாம் என்பதற்கான வரைபடம். யாருக்குச் சொந்தம் என்பதை அது சொல்லாது.

பூங்காவில் புல் வெட்டுபவர் "வச்சுக்கோங்க" என்றார். போதுமா?

போதாது. அனுமதி தரும் அதிகாரம் உள்ளவர் தர வேண்டும். கவுன்சில் பூங்கா என்றால் பூங்காத் துறை அதிகாரி. சில ஊர்களில் பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் தீர்மானமாகவே வைப்பார்கள். நேஷனல் டிரஸ்ட் இடம் என்றால் அந்த இடத்துக்குப் பொறுப்பான மேலாளர் அல்லது ரேஞ்சர். மாதாகோயில் வளாகம் என்றால் விகாரோ சர்ச் வார்டனோ.

பண்ணைகளில் ஒரு சிக்கல் உண்டு. டிராக்டர் ஓட்டுபவர் குத்தகைக்காரராக இருக்கலாம், நிலம் எஸ்டேட்டுடையதாக இருக்கலாம். எஸ்டேட் அலுவலகம் சரி சொன்னாலும் குத்தகைக்காரரிடம் சொல்லாமல் வைக்காதீர்கள். கேட் திறந்து கிடந்து ஆடு வெளியேறினால் ஓடுபவர் அவர்தான். டப்பாவைத் தூக்கி எறிபவரும் அவர்தான்.

என்ன எழுதிக் கேட்பது?

ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று பாடம் நடத்தும் நீண்ட கடிதத்தை யாரும் படிப்பதில்லை. எங்கே, என்ன, எத்தனை பேர் வருவார்கள், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், வேண்டாமென்றால் எப்படி எடுக்கலாம் – இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஏறத்தாழ இந்தப் பொருள் வரட்டும்:

"ஐயா / அம்மா, தங்கள் காட்டின் வடக்கு நுழைவாயிலிலிருந்து சுமார் 200 மீட்டர் தூரத்தில், நடைபாதையிலிருந்து இரண்டடி தள்ளி, விழுந்து கிடக்கும் மரத்தின் அடியில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைக்க அனுமதி கேட்கிறேன். இடம் குறித்த வரைபடமும் புகைப்படமும் இணைத்துள்ளேன். உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும் இருக்கும். ஜி.பி.எஸ். உதவியுடன் தேடி வருபவர்கள் பெயரெழுதிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் அதிகமாகவும், பிறகு எப்போதாவது ஒருவர் இருவராகவும் வருவார்கள். எதையும் தோண்டவோ ஆணி அடிக்கவோ மாட்டேன். டப்பாவின் மேல் என் தொடர்பு எண் இருக்கும். குறிப்பிட்ட மாதங்களில் வேண்டாம் என்றால் அப்போது நிறுத்தி வைப்பேன். எப்போது எடுக்கச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவேன்."

புகைப்படம் முக்கியம். வெறும் எண்களாக ஆயத்தொலைவை (ஜி.பி.எஸ். காட்டும் இட எண்களை) கொடுத்தால் எதிரில் இருப்பவர் இன்னொரு வேலை செய்ய வேண்டியிருக்கும், செய்ய மாட்டார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி, இடத்தின் ஒரு படம், கையில் பிடித்த டப்பாவின் ஒரு படம். சேதிக்குக் கீழே உங்கள் முழுப்பெயரும் ஃபோன் எண்ணும். தளத்தில் வைத்திருக்கும் விளையாட்டுப் பெயரில் கடிதம் எழுதாதீர்கள்.

வாய்மொழியாகச் சம்மதித்தால் அன்று மாலையே ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, மேற்கு வேலியோரம் ஒரு டப்பா வைக்கச் சம்மதித்தமைக்கு நன்றி." அவர் "ஓகே" என்று பதில் போட்டால் அதுவே உங்கள் ஆவணம்.

மூன்று வாரமாகப் பதிலே இல்லை. வைத்துவிடலாமா?

கூடாது. மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதன் பின் ஒரு ஃபோன். பாரிஷ் கவுன்சில் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே மூடிவிடும். அடுத்த கூட்டம் எப்போது என்று கிளார்க்கிடம் கேட்டால் அவரே உங்கள் விஷயத்தைச் சேர்த்துவிடுவார்.

வழக்கமாக எதற்காக மறுக்கிறார்கள்?

முதல் காரணம் பொறுப்பு. தன் நிலத்துக்கு வருபவர் கால் தடுக்கி விழுந்தால் வழக்கு வருமோ என்ற பயம். நிலத்தைத் தன் வசம் வைத்திருப்பவரின் பொறுப்பு பற்றிய 1957, 1984ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர் மனதில் இருக்கும். அனுமதி தந்துவிட்டால், வருபவர் தான் அழைத்த விருந்தாளி ஆகிவிடுவாரோ என்று யோசிப்பார். சட்டம் பேசி இதை வெல்ல முடியாது. இடத்தை மாற்றித்தான் வெல்ல முடியும்: பாழடைந்த கொட்டகை, சரிவு, குளக்கரை, காய்ந்த கிளை தொங்கும் மரம் இவற்றை விட்டு, மக்கள் ஏற்கெனவே நடக்கும் பாதையிலிருந்து ஓரடி தூரத்தில் கேளுங்கள். நஷ்டஈட்டை நீங்களே ஏற்பதாகக் கையெழுத்துக் கேட்டால் முழுதும் படிக்காமல் போடாதீர்கள். உங்கள் வீட்டுக் காப்பீடு அதற்கு ஈடுகொடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இரண்டாவது, பருவம். வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் நாய்களோடு ஆட்கள் வருவதை எந்தப் பண்ணையும் விரும்பாது. எஸ்டேட் காடுகளில் ஃபெசன்ட் பறவை வேட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. வடக்கு மேடுகளில் குரௌஸ் பறவை வேட்டை ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10 வரை. 'இந்த மாதங்களில் நிறுத்தி வைக்கிறேன்' என்று நீங்களே முதலில் சொன்னால் எதிர்ப்பு பாதி கரைந்துவிடும்.

மூன்றாவது, இரவு. கேச் தளத்தில் வெளியான சில மணி நேரத்திலேயே, நோட்டில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று டார்ச் விளக்கோடு ஓடி வருபவர்கள் உண்டு. நடுராத்திரியில் தன் வயலில் வெளிச்சம் அலைவதைப் பார்த்தால் பண்ணைக்காரர் போலீஸைத்தான் கூப்பிடுவார். இதை முன்பே சொல்லிவிடுங்கள். எந்த நாளில் வெளியிட வேண்டும் என்று ரிவ்யூவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இரவில் வரக்கூடாது என்ற குறியீட்டையும் தளத்தில் உள்ள கேச் பக்கத்தில் போடலாம். அதை எல்லோரும் மதிப்பார்கள் என்று மட்டும் உறுதி கொடுக்காதீர்கள்.

எந்த இடங்களில் கேட்பதே வீண்?

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய நிலம், மின் துணைநிலையம், அணை, விமான நிலையம், ராணுவ வளாகம், மருத்துவமனை. பள்ளியும் குழந்தைகள் விளையாட்டுத் திடலும் இதே கணக்குதான். டப்பாவில் தப்பில்லை, விளையாட்டுத் திடல் வேலியோரம் அரைமணி நேரம் குனிந்து குனிந்து தேடும் ஒரு வளர்ந்த ஆள் எப்படித் தெரிவார் என்று யோசித்தால் புரிந்துவிடும்.

எஸ்.எஸ்.எஸ்.ஐ. என்று வரைபடத்தில் இருக்கிறது. அது என்ன?

அறிவியல் முக்கியத்துவம் உள்ள பாதுகாக்கப்பட்ட இடம்: அரிய செடி, பறவைக் கூடு, பாறைப் படிவம் ஏதாவது ஒன்றுக்காக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு இவற்றைக் கவனிக்கிறது. இங்கே சொந்தக்காரர் சம்மதித்தால் மட்டும் போதாது. அவர் மூலமாக அந்த அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். டப்பா வைப்பதைவிட, பாதையை விட்டு விலகி நூற்றுக்கணக்கானோர் மிதிப்பதுதான் அவர்கள் கேள்வி. பாதையை ஒட்டியே வைப்பதாகச் சொன்னால் சில இடங்களில் கிடைக்கும், காலம் ஆகும்.

இடம் இதற்குள் வருகிறதா என்று அறிய அரசின் 'மேஜிக்' வரைபடத் தளத்தில் அந்த அடுக்கைப் போட்டுப் பாருங்கள், இலவசம். அதே தளத்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களும் தெரியும். பழைய மண்கோட்டை, இடுகாட்டு மேடு, கற்சிதைவு போன்றவற்றுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றின் மேலோ உள்ளேயோ வைக்கவே வேண்டாம். அந்தச் சின்னத்தின் தகவல் பலகையில் உள்ள ஓர் ஆண்டைக் கொண்டு டப்பாவின் இடத்தைத் தேடுபவர் கணக்கிடும்படி அமைத்து, டப்பாவை வேறிடத்தில் வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

கல்சுவர் இடுக்கு அவ்வளவு அருமையாக இருக்கிறதே?

யார்க்ஷயர், கம்பிரியா பக்கம் சுண்ணாம்புச் சாந்தில்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள்தான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆசை, மிகப் பெரிய ஆபத்து. நீங்கள் ஒரு கல்லை மட்டும் உருவி டப்பாவை உள்ளே வைப்பீர்கள். வருபவருக்கு எந்தக் கல் என்று தெரியாது. ஃபோன் காட்டும் இடம் ஐந்து மீட்டர் இப்படி அப்படி இருக்கும். ஆகவே பத்து மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு கல்லாக இழுத்துப் பார்ப்பார். இந்தச் சுவரில் கற்கள் ஒன்றன் பாரத்தில் ஒன்று நிற்கின்றன. நடுவில் சின்ன நிரப்புக்கல் இரண்டு விழுந்தாலே சுவர் வயிறு தள்ளும், அடுத்த உறைபனிக் காலத்தில் சரியும். அடுக்கித் தரும் கைவினைஞருக்கு மீட்டர் கணக்கில் கூலி. பிரிட்டன் ரிவ்யூவர்கள் இதைப் பற்றி மிகக் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். சுவரைத் தொடாத இடமாகப் பாருங்கள். சுவருக்கு எதிர்ப்பக்கத்து மரத்தடி என்றால் கேச் பக்கத்தில் "சுவரில் இல்லை" என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

மரத்தில் ஆணி அடிக்கலாமா? கொஞ்சமாகத் தோண்டலாமா?

இரண்டுமே கூடாது. மரத்துக்கு ஆணி, திருகு, கம்பிச் சுருக்கு எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால் தளர்வாகக் கட்டிய துணிக்கயிறு, அதையும் வருடத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். தோண்டுவது, சின்னக் குழியாக இருந்தாலும், சொந்தக்காரர் அதைத் தெளிவாகச் சொல்லி அனுமதித்தால் மட்டுமே. "டப்பா வைக்கலாம்" என்ற அனுமதிக்குள் "மண்ணைத் தோண்டலாம்" அடங்காது. உதிர்ந்த இலையாலோ சுள்ளியாலோ மூடுவது தோண்டுவதாகாது.

போலிப் பறவைப் பெட்டி செய்து தொங்கவிடுவது அழகான யோசனையாகத் தோன்றும். நிஜப் பறவை குடிவந்துவிட்டால் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அந்தக் கூட்டைப் பாதுகாக்கும். உங்கள் கேச் அன்றோடு நின்றது. அதைவிடக் கொடுமை, உங்கள் பெட்டியைத் தேடி வருபவர் பக்கத்து மரத்தில் இருக்கும் உண்மையான பெட்டிகளையும் திறப்பார். குகை, பழைய சுரங்கம், பாலத்தடி வளைவு இவற்றில் குளிர்காலத்தில் வௌவால் உறங்கும். சொந்தக்காரர் சம்மதித்தாலும் அந்த மாதங்களில் மூடியே வைக்க வேண்டும்.

161 மீட்டர் விதி எப்படி வேலை செய்கிறது?

ஒரு டப்பாவுக்கும் வேறொரு கேச்சின் டப்பாவுக்கும் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். மைலில் பத்தில் ஒன்று, அல்லது 528 அடி. பலகையைப் படித்து விடை காணும் இடைநிலைகளுக்கு இது பொருந்தாது, கையால் தொடும் பொருள் இருக்கும் எல்லா நிலைக்கும் பொருந்தும்.

வரைபடத்தில் காலியாகத் தெரிவதால் இடம் காலி என்று நினைக்காதீர்கள். புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும் புதிர்க் கேச்சின் இறுதி இடமும், ஒவ்வோர் இடமாகத் தேடிப் போகும் பல கட்டக் கேச்சின் நடுக் கட்டமும் வரைபடத்தில் தெரியாது. புதிர்க் கேச்சின் டப்பா, வரைபடத்தில் அதைக் காட்டும் கேள்விக்குறியிலிருந்து 3.2 கிலோமீட்டர் வரை தள்ளி இருக்கலாம். அதனால் அனுமதி கேட்பதற்கு முன்பே, தளத்தில் கேச் பக்கத்தை அரைகுறையாகத் தொடங்கி, ஆயத்தொலைவை மட்டும் போட்டு, "இந்த இடம் காலியா?" என்று ரிவ்யூவரிடம் கேளுங்கள். இதைச் செய்யாமல், ஒரு மாதம் கவுன்சிலோடு கடிதப் போக்குவரத்து நடத்தி அனுமதி வாங்கி, கடைசியில் 140 மீட்டரில் இன்னொருவர் டப்பா இருக்கிறது என்று தெரிந்தால் வலிக்கும். கவுன்சிலிடம் மறுபடி போய் "இடத்தை மாற்றணும்" என்று கேட்பது அதைவிட வலி.

டப்பா எப்படி இருக்க வேண்டும்?

நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும், உள்ளே ரப்பர் வளையம் உள்ள லாக் அண்ட் லாக் வகை டப்பா நன்றாக உழைக்கும். மறைவுக்காக டேப் ஒட்டும்போது மூடி விளிம்பிலும் கிளிப் மேலும் ஒட்டாதீர்கள், அங்கேதான் தண்ணீர் ஏறும். ஐஸ்கிரீம் டப்பாவும் டேக்அவே டப்பாவும் முதல் பனிக்காலத்திலேயே வெடிக்கும். பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஈரத்தை உள்ளே விடும், நோட்டு கூழாகிவிடும். ராணுவத் தோட்டாப் பெட்டி உறுதியானது, ஆனால் மேலே உள்ள எழுத்துகளை முழுதாகப் பெயிண்ட் அடித்து மறைக்காமல் வெளியே வைக்கவே கூடாது.

நோட்டை ஜிப் பைக்குள் போடுங்கள். பேனா உறையும், பென்சில் உறையாது. உணவு, மிட்டாய், வாசனை மெழுகுவர்த்தி எதுவும் உள்ளே வேண்டாம்: எலி பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளை போட்டுவிடும். கத்தி, லைட்டர், மது, மருந்து, பட்டாசு விதிப்படியே தடை.

டப்பா மேல் பெயர் எழுதினால் மறைவு கெட்டுவிடாதா?

கெட்டாலும் எழுதத்தான் வேண்டும். 2011 ஜூலையில் மேற்கு யார்க்ஷயரின் வெதர்பி நகரில் ஒரு கஃபே அருகே மறைத்திருந்த சின்ன டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவை மூடி, ராணுவ நிபுணர்கள் வந்து கட்டுப்பாட்டு வெடிப்பில் உடைத்தார்கள். அதன் பிறகு நகர்ப்புற கேச்களில் அனுமதியையும் லேபிளையும் ரிவ்யூவர்கள் குறிப்பாகக் கவனிக்கிறார்கள்.

லேபிளில் ஆங்கிலத்தில் இது ஒரு விளையாட்டின் பகுதி, ஆபத்தில்லாதது என்ற ஒரு வரி, தளம் கேச்சுக்குத் தரும் ஜி.சி. எண், உங்கள் ஃபோன் அல்லது மின்னஞ்சல். பக்கத்தைத் தொடங்கியவுடன் ஜி.சி. எண் கிடைத்துவிடும், ஆகவே லேபிளை அதற்குப் பிறகு அச்சிடுங்கள். ஊருக்குள் என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவே மேல். இடத்துக்கு எதிரே கடையோ வீடோ இருந்தால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். சொந்தக்காரர் ஜன்னலிலிருந்து பார்ப்பதில்லை, எதிர்வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்.

ஆயத்தொலைவு எடுப்பதில் என்ன தப்பு நடக்கிறது?

ஒரே முறை எடுப்பது. திறந்த வெளியில் ஃபோன் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். வெவ்வேறு நேரத்தில், முடிந்தால் வெவ்வேறு நாளில், பல முறை எடுத்துச் சராசரி போடுங்கள். பிழையான எண் என்றால் தேடுபவர்கள் சொந்தக்காரர் அனுமதிக்காத பக்கத்து வேலியைப் பிய்ப்பார்கள். இதுவும் அனுமதிப் பிரச்சினைதான்.

இன்னொன்று வடிவம். தளம் கேட்பது பாகையும் (டிகிரி), தசமத்தில் கலையும் (மினிட்): வடக்கு 51° 30.126' என்பது போல. கூகுள் வரைபடம் இதே இடத்தை 51.5021 என்று காட்டும். தசமத்துக்குப் பின் வருவதை 60ஆல் பெருக்க வேண்டும். பெருக்காமல் 51° 50.21' என்று எழுதினால் உங்கள் டப்பா 37 கிலோமீட்டர் வடக்கே போய்விடும். லண்டனில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் ஏறத்தாழ 1.85 மீட்டர், கிழக்கு மேற்கில் 1.15 மீட்டர் நகரும். மேற்கா கிழக்கா என்றும் சரிபாருங்கள். கிரீன்விச் கோடு லண்டன் நடுவே போவதால் ஈஸ்ட்ஹாம் கிழக்கு, ஹாரோ மேற்கு.

ரிவ்யூவர் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

"அனுமதி வாங்கியாயிற்று" என்ற ஒரு வரி கேள்வியைத்தான் கூட்டும். யார், என்ன பதவி, எந்த அமைப்பு, எந்தத் தேதி, எந்த வழியில், என்ன நிபந்தனை. உதாரணமாக: "பாரிஷ் கவுன்சில் கிளார்க், மார்ச் 4, மின்னஞ்சல், நிபந்தனை: வண்டி நிறுத்தத்தின் வடக்குப் பக்கம் மட்டும். டப்பா 500 மில்லி, பெஞ்சுக்குப் பின்னால் விழுந்த கட்டையின் அடியில், தோண்டவில்லை." இந்தக் குறிப்பு ரிவ்யூவருக்கு மட்டும் தெரியும், விளையாடுபவர்களுக்குத் தெரியாது, ஆகவே தொடர்பு விவரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். டப்பாவின் படத்தையும் இடத்தின் படத்தையும் சேர்த்தால் இன்னும் சுலபம்.

சமர்ப்பித்தால் ஏழு நாளுக்குள் முதல் பதில் வரும் என்று எதிர்பார்க்கலாம். அவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கேள்வி வந்தால் கேச் பக்கத்திலேயே பதில் எழுதி மறுபடி சமர்ப்பியுங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானை மறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

என் வீட்டு முன்சுவரில் வைக்கலாம்தானே?

சொந்த வீடு, சுவரும் உங்களுடையது என்றால் தாராளமாக. வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேளுங்கள். ஃப்ளாட் என்றால் பொதுவாசலும் தோட்டமும் நிர்வாகத்துடையவை. பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அந்நியர்கள் வாசலில் நின்று தடவுவதை அவர்கள் திருட்டு முயற்சி என்று நினைப்பார்கள்.

கோயில் வளாகம் என்றால் அர்ச்சகர் அல்ல, நிர்வாகக் குழு. திருவிழா நாட்களில் நிறுத்தி வைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கடை என்றால் முதலாளி சம்மதம் போதும், ஆனால் உள்ளே போய் எதையாவது வாங்கினால்தான் கேச் கிடைக்கும் என்றோ, கேச் பக்கத்தில் கடைக்கு விளம்பரமோ இருந்தால் வெளியிட மாட்டார்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது அங்கே ஒன்று வைத்துவிட்டு வரலாமா?

பராமரிக்க ஆள் இல்லாமல் முடியாது. "மாமா பையன் பார்த்துக்குவான்" என்றால் ரிவ்யூவர் அவருடைய கணக்குப் பெயரைக் கேட்பார். அவர் விளையாட்டைப் புரிந்தவராகவும், சில நாட்களில் போய்ப் பார்க்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அனுமதி விதி அங்கும் இதேதான். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களையும் காப்புக்காடுகளையும் தவிர்த்துவிடுங்கள். இலங்கையின் வடக்கே ராணுவத்தின் வசம் உள்ள நிலங்களும், கண்ணிவெடி அகற்றும் பணி முடியாத பகுதிகளும் உண்டு. பாதையை விட்டு ஆட்களை இறக்கும் எந்தக் கேச்சும் அங்கே வேண்டாம். உறவினர் வீட்டுக் காம்பவுண்ட், அவர்கள் சம்மதத்தோடு, அதுதான் நடக்கக்கூடியது.

வெளியான பிறகு சொந்தக்காரர் மனம் மாறினால்?

அன்றே கேச் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்குங்கள், டப்பாவை எடுங்கள், எடுத்துவிட்டதாக அவருக்கு எழுதுங்கள். வாதாட வேண்டாம். வேறு இடம் தருவாரா என்று கேட்பது டப்பா கைக்கு வந்த பிறகு. அவர் ரிவ்யூவருக்கு நேரடியாகப் புகார் அனுப்பினால் பக்கம் நிரந்தரமாக மூடப்படும், அந்த எஸ்டேட் முழுவதும் மற்றவர்களுக்கும் அடைபடக்கூடும்.

முடக்கிய கேச்சை நாலு வாரத்துக்கு மேல் அப்படியே விட்டால் ரிவ்யூவர் தலையிடுவார். வேட்டைக் காலம் போன்ற நீண்ட காரணம் இருந்தால் கேச் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். பக்கம் மூடப்பட்டாலும் டப்பா அங்கேயே கிடந்தால் அது குப்பைதான், எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

வீடு மாறிப் போகிறேன். இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

தளத்தில் தத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அனுமதி உங்கள் பெயரில் வாங்கியது. சொந்தக்காரருக்குப் புதியவரின் பெயரும் எண்ணும் தெரிவித்து, அவர் சரி என்ற பிறகு மாற்றுங்கள். டப்பா மேல் உள்ள லேபிளையும் மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் உங்கள் எண்ணுக்குத்தான் போலீஸ் முதலில் ஃபோன் செய்யும்.